தூக்கக் கூடாது

டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார். "மூணு மாசத்துக்கு ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாது. தூக்கினா தச்சதெல்லாம் பிரிஞ்சு மறுபடி கீழ இறங்கிடும்." நானும் பெரிய மகாராணி போலத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

இறங்கிய கர்ப்பப்பைக்குத் துணியை முட்டுக்கொடுத்துக்கொண்டு, விடுதிச் சலவைக்கூடத்தில் வருடக்கணக்காக ஈரப் போர்வைகளை இழுத்துப் போட்டவள் நான். யாரிடமும் மூச்சு விட்டதில்லை. உட்கார முடியாமல், மூத்திரம் போக முடியாமல் ஆன பிறகுதான் ஆபரேஷன்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் வீட்டுக்காரர் மத்தியானம் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். சிமெண்டுத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். உடுப்பெல்லாம் நனைந்துவிட்டது. படுத்த படுக்கையானாலும் சாப்பாட்டில் மட்டும் குறை வைக்காத மனிதர். நல்ல கனம்.

"தொடாத," என்றார் குழறலாக. "செத்தாலும் பரவால்ல, நீ தொடாத."

"செத்தா மட்டும் யாரு தூக்குறதாம்?" என்று எரிந்து விழுந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

உள்ளே குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்த மகள் ஓடி வந்தாள். பிரசவமான பச்சை உடம்பு. குனிந்து அப்பாவின் அக்குளில் கை கொடுத்தாள். இவளைப் பெற்ற பச்சை உடம்போடுதான் நான் போர்வை தூக்கப் போனேன்.

"எடுடி கையை!"

"பின்ன யாரும்மா தூக்குறது?"

ஒன்று என் தையல் பிரிய வேண்டும், இல்லை இவள் உடம்பும் என்னுடையது போல நாசமாக வேண்டும். ஆண்களெல்லாம் வேலைக்குப் போயிருக்கும் நேரம். வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். எதிர்வீட்டுக்காரி, மாடிவீட்டம்மா, பக்கத்துத் தையல்காரி மூவரும் ஓடி வந்து, அவரைச் சுற்றிக் குனிந்து கை கொடுத்தார்கள்.

என் வெட்கமெல்லாம் எங்கே போனதோ.

"இருங்க," என்றேன். "எனக்கு அடி இறங்கி ஆபரேஷன் பண்ணிருக்கு. உங்கள்ல யாருக்காவது இறங்கியிருந்தா அவரைத் தூக்காதீங்க."

அவர் முனகிக்கொண்டே கிடந்தார். முதலில் மாடிவீட்டம்மா நிமிர்ந்து சுவரோரம் போய் நின்றார். பிறகு தையல்காரி. எதிர்வீட்டுக்காரி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பிறகு அவளும் கையை எடுத்துவிட்டாள்.