யூரிஹா கேட்ட கேள்வி

மந்திரம் தெரிந்த ஐந்து பாட்டுக்காரப் பெண்களின் கதை 'விண்மீன் மேடை'. பொம்மை விற்க எடுத்த கார்ட்டூன்தானே என்று இன்றைக்கும் யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பார்க்காமலே பேசுகிற வாய்கள்.

ஐவரில் யூரிஹாவுக்கு மட்டும் ஒரு குறை. மேடையில் "இருக்கீங்களா?" என்று அவள் கேட்டு, "இருக்கோம்!" என்று கூட்டம் சொன்னால்தான் அவள் மந்திரம் பலிக்கும். பார்க்க ஆளில்லை என்று தொடரைப் பாதியில் நிறுத்தினார்கள். கடைசிக் காட்சியில் யூரிஹா நம்மைப் பார்த்து அதையே கேட்பாள். திரை இருண்டுவிடும். அன்று வீட்டில் டிவி முன்னால் தனியாகக் கத்தினேன். யாருக்குக் கேட்டிருக்கும்?

அதனால்தான் மொரியோகா நகரத்தில் நான் வேலை பார்க்கும் சின்னத் தியேட்டரில், ரசிகர்கள் விளக்குக் குச்சி ஆட்டிக் கூவிக்கொண்டே பார்க்கும் காட்சி ஒன்றுக்கு ஏற்பாடு செய்தேன். யூரிஹாவுக்குக் குரல் கொடுத்த நடிகை தொமியோகாவையும் அழைத்தேன்.

வந்தார். கழுத்தைச் சுற்றித் துணி. வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. தொண்டையில் ஆபரேஷனாம். எனக்குத் தெரியாது. செல்போனில் எழுதிக் காட்டினார்: "ரசிகருங்க யூரிஹாவோட குரலைக் கேக்க வந்திருக்காங்க. அவ இப்ப என்கிட்ட இல்லை. ஓரமா நின்னு பாத்துட்டுப் போயிடறேன்."

"குரல் கேக்க வந்த கூட்டத்துக்கு முன்னாடி இவங்களையா நிறுத்தப்போற? மனசுன்னு ஒண்ணு இருக்கா உனக்கு?" என்றார் புரொஜக்டர் ஓட்டும் குவாபரா.

"நீங்க உங்க மெஷினைப் பாருங்க."

சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் வெட்கமாக இருந்தது. பாவம், அவரை இவ்வளவு தூரம் வரவழைத்துப் புண்ணைக் கிளறிவிட்டேன்.

தொடரின் கடைசிப் பகுதி திரையில் ஓடியது. மேடையோரத்தில் தொமியோகா என் பக்கத்தில் நின்றார். கடைசிக் காட்சியில் யூரிஹா கேட்டாள். அரங்கம் முழுக்க யூரிஹாவின் நிறமான ஊதா விளக்குகள் எழுந்தன.

"இருக்கோம்!"

தொமியோகா என் கையைப் பிடித்துக்கொண்டார். செல்போனில் எழுதிக் காட்டினார்: குரல் பதிவு செய்த அன்று, அறையில் அந்தக் கேள்வியைக் கேட்டு முடித்தபோது, கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாராம். அவருக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான்.

அரங்க விளக்குகளைப் போட்டதும், நான் கூப்பிடாமலே மேடையேறினார். தலைவணங்கினார். மைக் முன்னால் வாயைத் திறந்தார். வெறும் மூச்சு. கூட்டம் அப்படியே அடங்கிப்போனது.

முன்வரிசையில், ஆபீஸ் கோட்டோடு வந்திருந்த ஒரு ஆள் ஊதா விளக்கைத் தூக்கினார். அந்த உதட்டசைவு என்ன கேட்கிறது என்று அங்கே யாருக்குத்தான் தெரியாது?

"இருக்கோம்!"

எல்லாருக்கும் மேலாக, புரொஜக்டர் அறையிலிருந்து குவாபராவின் குரல் கேட்டது.

தொமியோகா முகத்தைப் பொத்திக்கொண்டார். கையை எடுத்தபோது உதடுகள் மறுபடி அசைந்தன, அதே கேள்விக்கு. தொடர் முழுக்கத் தேடினாலும் யூரிஹா இரண்டாவது தடவை கேட்டதே இல்லை. இது தொமியோகாவே கேட்டது.

பதில் சொல்ல நானும் வாயைத் திறந்தேன். அழுகை அடைத்துக் குரல் வரவில்லை. கையிலிருந்த ஊதா விளக்கைத் தூக்கிக் காட்டினேன்.