மாஸ்க்குக்கு ஏத்த முகம்

ஸ்டீவனின் தாடையில் அன்று ஏழு வெட்டு. போன வாரம் நாலுதான். முன்னேற்றம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஈயம் உருக்கும் கம்பெனி ஒன்றில் அவன் கான்ட்ராக்ட் ஆள். உலைப் பக்கம் போகிறவன் மாஸ்க் போட வேண்டும். அது முகத்தில் ஒட்டுகிறதா என்று சோதனை வேறு. மாஸ்க் மாட்டிய தலையில் ஒரு பிளாஸ்டிக் கூண்டைக் கவிழ்த்து, உள்ளே கசப்பு மருந்தைப் புகையாக அடிப்பார்கள். நாக்கில் கசந்தால் ஃபெயில். ஸ்டீவனுக்கு இரண்டு முறையும் கசந்தது. கசக்குது என்று சொன்னான்.

"தாடைல முள்ளு முள்ளா கீது, மாஸ்க் எப்டிய்யா ஒட்டும்? ஒயுங்கா ஷேவ் பண்ணிக்கினு வா. மூணாவது தபா போச்சுன்னா கேட் பாஸைக் குடுத்துட்டுக் கெளம்பு" என்றார் சேஃப்டி ஆபீசர் துளசிராமன். ஈயப்புகை ரத்தத்தில் ஏறினால் லேசில் இறங்காது என்று பயிற்சியில் பயமுறுத்தியவரும் இவர்தான்.

ஸ்டீவன் சுருட்டை முடிக்காரன். கடை ரேசர் போட்டால் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு கொப்புளமாகிவிடும். ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு முன்னால் எந்த சலூன் திறந்திருக்கும்? அதனால் மடக்குக் கத்தி ஒன்று வாங்கித் தானே மழிக்கத் தொடங்கினான். அது மழிக்கவில்லை; பிடுங்கியது.

ஞாயிறு பூசை முடிந்து, ஆரம்பாக்கத்தில் சலூன் வைத்திருக்கும் குணாவிடம் கத்தியோடு போய் நின்றான். குணா கூடப் படித்தவன். வாய் சும்மா இருக்காது.

"இன்னாடா, மூஞ்சில ஏர் ஓட்டினியா? எதுல தீட்டுற?"

"பெல்ட்டுலதான்."

"எங்க, தீட்டிக் காட்டு."

காட்டினான். குணா தலையில் அடித்துக்கொண்டான். "பெல்ட்டுல கத்தியோட முதுகு முன்னால போவணும், கூர் பின்னால வரணும். நீ கூரைத் தள்ளிக்கினு போற. தெனம் கத்திய மொட்டையாக்கிட்டுத்தான் ஷேவே பண்ற!"

அதோடு விடவில்லை. போர் தண்ணியில் நுரை நிற்காது, கேன் தண்ணியைச் சுடவை. தோலை இழுத்துப் பிடி. தாடைக்கடியில் உன் முடி பக்கவாட்டில் வளருது, அது போகிற போக்கிலேயே கத்தியை விடு என்று எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினான்.

திங்கள் விடியற்காலை மனைவி பிரின்சி கேன் தண்ணியைச் சுடவைத்துக் கொடுத்தாள். ஒரு வெட்டில்லை, ஒரு முள்ளில்லை. அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "ஏசப்பா, கல்யாணத்தன்னிக்குக்கூட இப்டி இல்ல" என்று சிரித்தாள். ஸ்டீவனுக்கு மனசு நிறைந்துபோனது.

கம்பெனியில், சோதனை வரிசையில் முன்னால் நின்ற கூட்டாளி சாலமோனுக்கு இரண்டு நாள் தாடி. கூண்டுக்குள் போனான், "கசக்கல சார்" என்றான், பாஸாகி வந்தான். ஸ்டீவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

சாலமோன் கழற்றிக் கொடுத்த அதே மாஸ்க்கை மாட்டினான். கூண்டு இறங்கியது. நாலாவது மூச்சில் வேப்பங்கொழுந்தை மென்றதுபோல் நாக்கெல்லாம் கசப்பு. கீழேயிருந்து கையை விட்டு மாஸ்க்கின் ஓரத்தைத் தடவினான். ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. சுண்டுவிரல் நுனி உள்ளே போனது.

"சார், ரப்பரு வெடிச்சிக் கீது சார்."

"எல்லார் மூஞ்சிக்கும் ஒட்டுற மாஸ்க்கு உனக்கு மட்டும் ஒட்டாதா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." துளசிராமன் பேனாவைத் திறந்தார். "கடைசியா கேக்கறேன். கசக்குதா, இல்லியா?"

ரப்பர் வெடித்தது அந்த ஆளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார். இத்தனை நாள் ஸ்டீவன் தன் முகத்தைத் தானே அறுத்துக்கொண்டதுதான் மிச்சம். ஆனால் இந்த வேலையை விட்டால் அவனுக்கு வேறு வேலையில்லை, ஊரில் ஒரு செண்ட் நிலமும் இல்லை.

"கசக்கல சார்."

கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். உலைக்குப் போகும் வழியில் சாலமோன் தோளில் தட்டினான். "எல்லாருக்கும்தான் கசக்குது. உன்ன யார்ரா வெளிய சொல்லச் சொன்னது?"

சாயங்காலம் பிரின்சி பக்கத்து வீட்டு நர்மதாவிடம், "அந்தக் கத்திதான்க்கா எங்க ஊட்டுக்காரர் வேலையக் காப்பாத்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்டீவன் கேட்டுக்கொண்டே உள்ளே போனான்.

மறுநாள் காலையும் அவள் தண்ணி சுடவைத்து எடுத்து வந்தாள். வெடித்த மாஸ்க்குக்கு இனி மழித்தாலும் ஒன்றுதான், மழிக்காவிட்டாலும் ஒன்றுதான். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? நுரை போட்டு, தோலை இழுத்துப் பிடித்து, அவள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு முள் விடாமல் மழித்துவிட்டு வேலைக்குப் போனான்.