சாப்பாட்டுக்கு முந்தைய கமிட்

"நாளைக்கு நீ வரலைன்னா உன் வேலையை யாரும்மா செய்வா?" என்று ஒருநாள் மேலாளரம்மா அவளிடம் கேட்டார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் அவள். அக்காவின் கணவர், அதே அலுவலகத்தில் கணினி நிரல் எழுதுகிற அத்தான், கையைக் காலைப் பிடித்து வாங்கிக்கொடுத்த வேலை.

பேருந்து நிலையத்து அறிவிப்புப் பலகைக்கான மென்பொருள் அங்கே தயாராகிறது. யாராவது நிரலில் ஒரு மாற்றத்தைக் கமிட் செய்து, அதாவது பதிந்து, பொதுக் களஞ்சியத்தில் சேர்த்தால், அதைச் சோதித்து, பலகைக்கு அனுப்பி, எல்லோருக்கும் மின்னஞ்சல் போடுவது அவள் பாடு. மேலாளரின் கேள்விக்குப் பதிலாக, கமிட் ஆனதும் இத்தனையும் தானாக நடக்கும்படி மூன்று வாரம் முட்டிமோதி ஒரு ஸ்கிரிப்ட், ஒரு குட்டி நிரல், எழுதிக் காட்டினாள். ஒரு வாரம் பிசகில்லாமல் ஓடினால் நிரல் எழுதுகிறவர்கள் வரிசையில் ஒரு நாற்காலி என்றார் மேலாளர்.

"இனி உனக்கு ஈ ஓட்டுற வேலைதான்" என்றார் அத்தான்.

நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் மதியம் எல்லாப் பேருந்தும் ஒன்றாம் நடைமேடை என்று பலகை காட்ட, கூட்டம் அங்கே போய் முண்டியடித்தது. தொலைபேசி ஓயவில்லை.

அத்தான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நிதானமாக வந்தார். சின்னப்பெண் எழுதியது, நாம்தான் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும் என்று பரிந்து பேசுவதுபோலவே சொன்னார். அப்படியானால் நாற்காலிப் பேச்சை விட்டுவிடலாம் என்றார் மேலாளர்.

அவளுக்குக் காரணம் தெரியும். மின்சாரம் போனால் உழைப்பு வீணாகுமே என்று, வேலை முடியாத நாட்களில் அத்தான் சாப்பிடப் போகும் முன் அரைகுறையாகவே கமிட் செய்துவிடுவார். நிரப்பாத இடத்திலெல்லாம் ஒன்று என்று இருக்கும். அதை மட்டும் அவள் அனுப்பாமல், அவர் வந்து முடிக்கும்வரை காத்திருப்பாள். ஸ்கிரிப்ட் காத்திருக்குமா? காத்திருப்பதையும் அதில் எழுதினால் ஏன் என்று கேட்பார்களே என்றுதான் விட்டிருந்தாள்.

"சில நாள் அத்தான் சாப்பிடப் போறப்ப போடுறது பாதிதான் இருக்கும் மேடம்" என்றாள் தரையைப் பார்த்து. "அதை நான் அனுப்பவே மாட்டேன். ரெண்டு வருஷமா."

"ஏன் முன்னாடியே சொல்லலை?"

"அத்தானாச்சே."

மேலாளர் பழைய பதிவுகளைத் திறந்தார். வாரம் தவறாமல் ஒரு நாளாவது பன்னிரண்டு ஐம்பதுக்கு ஒரு அரைகுறைக் கமிட். இனிமேல் 'முடிந்தது' என்று குறித்ததை மட்டும் பலகைக்கு அனுப்பும்படி மாற்றச் சொன்னார். நாளை முதல் நிரல் எழுதுகிறவர்கள் வரிசையில் உட்காரவும் சொன்னார்.

ஐந்து மணிக்கு அத்தான் வண்டிச் சாவியை எடுத்தார். தினமும் அவளையும் ஏற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். அவள் பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். அவர் அவளைத் தாண்டிப் படியிறங்கி, தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.