வண்டி வரும் சத்தம்

லாரி ஓட்டுகிறவர்கள் மத்தியில் அவனுக்கு நிதானம் என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக ஸ்டீயரிங் பிடிக்கிறான். வேகமுள் ஐம்பதைத் தாண்டியதை அவன் மனைவிகூடப் பார்த்ததில்லை. சைக்கிள்காரன் முந்திப் போனாலும் ஒதுங்கி வழிவிட்டு, ‘போய் வா ராசா’ என்பான். அப்படிப்பட்டவன் வாங்கிய பழைய லாரி பந்தயத்துக்குப் போகிற மாதிரி உறுமிக்கொண்டு வந்து நின்றால் சிரிக்க மாட்டார்களா? சிரித்தார்கள். ஆட்டுக்குட்டிக்குச் சிங்கத்தின் தொண்டை வந்துவிட்டதாம். கல்குவாரியில் லோடு ஏற்றுகிறவர்கள் இதைச் சொல்லியே ஒரு வாரம் பொழுதைப் போக்கினார்கள்.

உறுமலுக்குக் காரணம் முன்பு அந்த வண்டியை வைத்திருந்தவன் செய்த வேலை. எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் கம்பெனிக்காரன் வைத்திருந்த கறுப்பு டப்பாவைக் கழற்றி எறிந்துவிட்டு, அகலமான அலுமினியக் குழாய் ஒன்றும் அதன் முனையில் கூம்பு மாதிரி ஒரு பருத்தித்துணி ஃபில்டரும் மாட்டியிருந்தான். டப்பா இருந்தால் எஞ்சின் மூச்சு விடுவது வெளியே கேட்காது. கூம்புக்கு மூடி கிடையாது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல்; காலை எடுத்தால் கடைசியில் ஒரு சின்ன விசில். நாலு தெரு தள்ளி வந்தாலும் இன்ன வண்டி என்று சொல்லிவிடலாம்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். தார் ரோட்டில் ஓடுகிறவனுக்கு இது சரி, நாள் பூரா ஜல்லித் தூசியில் கிடக்கிறவனுக்கு இது தற்கொலை என்றான். பழைய சாமான் கடையில் கம்பெனி டப்பாவைத் தானே தேடிப் பிடித்துத் தருவதாகவும் சொன்னான். நிதானமும் தலையாட்டிவிட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை கழற்றுவதாக முடிவாயிற்று. அதற்குள் ஒரு பெரியவர் குறுக்கே வந்தார்.

குவாரியிலிருந்து டவுனுக்கு லாரி போக இருப்பது ஒரே வழி. அந்த வழியில் ஒரு நீளமான தெரு, அதில் இரட்டைக் கதவு போட்ட இரும்பு கேட் வைத்த ஒரு வீடு. முதல் நாள் நிதானம் தெருமுனையில் திரும்பி ஆக்ஸிலேட்டரை மிதித்ததுமே, அந்த வீட்டிலிருந்து எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் வெளியே வந்தார். தாழ்ப்பாளைத் தூக்கினார். இரண்டு கதவுகளையும் ஒவ்வொன்றாக உள்பக்கம் தள்ளிவிட்டு, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார். வண்டி உள்ளே வருவதற்காக வழிவிட்டு நிற்கும் நிற்பு அது. பின்னால் யாரோ கார் கொண்டு வருகிறார்கள் போல என்று நிதானம் கண்ணாடியில் பார்த்தான். யாரும் இல்லை. லோடு இறக்கிவிட்டுத் திரும்பியபோதும் அதே மாதிரி கேட் திறந்தது, அதே மாதிரி அவர் ஒதுங்கி நின்றார். மறுநாளும் அப்படித்தான்.

நாலாம் நாள் முனையில் இருந்த டீக்கடையில் விசாரித்தான். கடைக்காரர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது அவர் பையனுடைய வண்டியல்லவா, வாங்கிக் கொடுத்த தரகன் சொல்லவில்லையா என்றார். பெரியவர் வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்த்து எழுதி ரிடையர் ஆனவர். மனைவி போய்ப் பல வருடம் ஆகிறது. வீட்டில் அப்பனும் பிள்ளையும்தான், இரண்டு பேரும் கீரியும் பாம்பும். பிள்ளை இந்தக் கூம்பை மாட்டிய நாளிலிருந்து, ‘வீட்டுக்கு வர்றதுக்குத் தம்பட்டம் வேற’ என்று அப்பா திட்டாத நாள் கிடையாது. ஆனால் பிள்ளை வண்டியை விட்டு இறங்கி கேட்டைத் திறந்ததையும் அந்தத் தெருவில் யாரும் பார்த்தது கிடையாது. சத்தம் கேட்டதும் கிழவர் திட்டிக்கொண்டே எழுந்து போய்த் திறந்துவிடுவார். மூன்று மாதத்துக்கு முன் ஒருநாள் காலை, பையன் குளித்துக்கொண்டிருந்தவன் குளியலறையிலேயே விழுந்து இறந்துபோனான். முப்பத்தாறு வயது.

நிதானம் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

அவன் கெட்டிக்காரன் இல்லை, ஆனால் இளகின மனசுக்காரன். அந்த மனுஷனுக்கு மிச்சமிருப்பது இந்தச் சத்தம் ஒன்றுதான், அதையும் நான் கழற்றிப் போட்டால் எனக்கு நல்ல கதி கிடைக்குமா என்று நினைத்தான். மெக்கானிக்கிடம் போய் டப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டான். எஞ்சின் போனால் என் வாசலில் வந்து நிற்காதே என்றான் மெக்கானிக். போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான் இவன்.

பார்த்துக்கொள்ளவும் செய்தான். மற்றவர்கள் எப்போதோ ஒரு தடவை செய்கிற வேலையை ஒவ்வொரு ஞாயிறும் செய்தான். கிளாம்ப்பைத் தளர்த்திக் கூம்பைக் கழற்றுவான். முதல் வேலையாகக் குழாயின் வாயைத் துணியால் அடைப்பான். ஒரு கல் துணுக்கு உள்ளே விழுந்தாலும் எஞ்சின் காலி. கூம்பைத் தரையில் தட்ட மாட்டான், உள்ளங்கையில்தான் தட்டுவான். சோப்புத் தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, உள்ளேயிருந்து வெளியே வடியும்படி மெல்லியதாகத் தண்ணீர் விடுவான்; வெளியிலிருந்து விட்டால் அழுக்கு துணிக்குள் இறங்கிவிடும். வாளியில் சாம்பல் நிறத்தில் கல்மாவு படியும். காற்றுக்குழாய் வைத்து ஊதினால் சீக்கிரம் காயும்தான், ஆனால் துணி கிழியும். அதனால் நிழலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான்.

பிறகு சிவப்பு எண்ணெய். ஒவ்வொரு மடிப்பின் முகட்டிலும் ஒரே ஒரு கோடு. குறைந்தால் தூசி உள்ளே போகும். கூடினால் எண்ணெய் காற்றோடு போய், காற்றை அளக்கிற சென்சாரில் படிந்து, வண்டி மேட்டில் திணறும். அரை மணி கழித்துத் துணி முழுக்க ஒரே நிறமாக ஊறியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பான். கடைசியாக ஒரு வெள்ளைத் துணியைக் குழாய்க்குள் விட்டுத் துடைப்பான். துணி வெள்ளையாகவே திரும்பி வந்தால்தான் அவனுக்குச் சோறு.

“கல்யாணம் ஆகி இருபது வருஷம் ஆச்சு. என் தலைக்கு ஒருநாள் எண்ணெய் வச்சுவிட்டிருப்பீங்களா?” என்றாள் மனைவி. அவளிடம் பெரியவரின் கதையைச் சொன்னான். அதன்பிறகு அவளே ஞாயிறுதோறும் வாளியை எடுத்து வைத்தாள்.

ஒரு நாளைக்குப் போய்வர மூன்று நடை. தெருமுனையில் திரும்பும்போது, பெரியவருக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று வேண்டுமென்றே ஒரு மிதி கூடுதலாக மிதிப்பான். வேகம் என்றாலே வேர்த்துப்போகிற ஆள், அந்த ஓர் இடத்தில் மட்டும் சிங்கம். கேட் திறக்கும். இவன் தலையசைப்பான். பெரியவர் பதிலுக்கு அசைக்க மாட்டார். சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதை நிதானம் தன் இஷ்டத்துக்கு அர்த்தம் பண்ணிக்கொண்டான். ஏழு மாதம் இப்படிப் போயிற்று. நல்ல காரியம் செய்கிறவனுக்கு வருகிற மிதப்பு அவனுக்கும் வந்திருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

அந்த மிதப்புதான் ஒருநாள் அவனை வண்டியை நிறுத்தி இறங்க வைத்தது. பெரியவர் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நிதானம் எல்லாவற்றையும் சொன்னான். மெக்கானிக் கழற்றச் சொன்னதையும், தான் மறுத்ததையும், சோப்புத் தண்ணீரையும் சிவப்பு எண்ணெயையும், உங்கள் பையன் எப்படி வைத்திருந்தாரோ அப்படியே இம்மி குறையாமல் வைத்திருக்கிறேன் என்பதையும் சொன்னான். பெரியவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தச் சனியனக் கழட்டச் சொல்லி அவன்கிட்ட ஆறு வருஷம் கத்துனேன், கேக்கல” என்றார். “இப்ப நீங்க எண்ணெய் போட்டு வளக்கிறீங்க.”

நிதானம் சிரிக்கலாமா என்று பார்த்தான். சிரிக்கிற பேச்சாக இல்லை.

“தொறக்கிறது ஒண்ணும் கஷ்டமில்ல தம்பி. சத்தம் கேட்டா, நான் நினைக்கிறதுக்கு முன்னாடியே காலு எழுந்து போயிடுது. நீங்க போயிடுறீங்க. அப்புறம் நான்தானே சாத்தணும். ஒரு நாளைக்கு ஆறு தடவ சாத்தறேன்.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே அவனுக்குக் கூசியது. திருடினவன்கூட இவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டான். நாளைக்கே கழற்றிவிடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தான். தெரு தாண்டும்வரை கிளட்சிலும் பிரேக்கிலுமாக, எஞ்சினை உறும விடாமல் உருட்டிக்கொண்டே போனான்.

மறுநாள் மெக்கானிக் டப்பாவை மாட்டினான். ஏழு மாதம் கழித்துப் புத்தி வந்ததே என்று மட்டும் சொன்னான். லாரி தையல் மிஷின் மாதிரி ஓடியது. தெருமுனையில் திரும்பியபோது நிதானம் முதலில் கேட்டைத்தான் பார்த்தான். கேட் சாத்தியே இருந்தது. பெரியவர் உள்ளே நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. அன்று இரவு மனைவியிடம், இப்போதுதான் உருப்படியாக ஒரு நல்லது செய்தேன் என்றான்.

பத்து நாள் போயிருக்கும். காலை நடையில் பார்த்தபோது கேட் விரியத் திறந்து கிடந்தது. மறந்திருப்பார் என்று நினைத்தான். திரும்பும்போதும் திறந்துதான் கிடந்தது. மறுநாளும், அதற்கு மறுநாளும் அப்படியே. ஒரு நாய் உள்ளே போய்ப் பூந்தொட்டி ஓரமாகப் படுத்திருந்தது. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து இறங்கி ஓடினான். பெரியவர் அதே நாற்காலியில்தான் இருந்தார், பேப்பர் மடியில் இருந்தது. நிதானம் நாயை விரட்டிவிட்டு, கேட்டைச் சாத்தப் போனான்.

“இருக்கட்டும் தம்பி, சாத்தாதீங்க.”

“நாய் மாடெல்லாம் வருதே ஐயா.”

“வரட்டும்.” பெரியவர் தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினார். “முன்னல்லாம் சத்தம் கேட்டாத்தான் எழுந்திருப்பேன். கேக்காத நேரமெல்லாம் அவன் எங்கயோ லோடு எடுத்துட்டுப் போயிருக்கான்னு இருந்துச்சு. இப்ப சத்தமே இல்ல. எப்ப வேணா சத்தமில்லாம வந்து நிப்பான்னு தோணுது. நான் எப்பன்னு சாத்துறது, சொல்லுங்க?”

நிதானம் அழுதுவிட்டான். பழைய கூம்பு வீட்டில் பத்திரமாக இருக்கிறது, இன்றைக்கே திரும்ப மாட்டிக்கொண்டு வருகிறேன் என்றான். வேண்டாம், அதைக் கேட்கவும் முடியவில்லை என்றார் பெரியவர். கழுவலாம், காயவைக்கலாம், எண்ணெய் விடலாம். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். நாய் திரும்ப வந்து படுத்துக்கொண்டது. அதை விரட்ட அவனுக்கு மனசு வரவில்லை.

அன்றிலிருந்து தெருமுனையில் திரும்பும்போது நிதானம் ஒரு தடவை ஹாரன் அடிப்பான், சின்னதாக. எழுந்திருக்க வேண்டாம் ஐயா, நான்தான் என்று அதற்கு அர்த்தம். பெரியவர் நாற்காலியில் இருந்தபடியே கையைத் தூக்கிக் காட்டுவார். கேட் திறந்தே கிடக்கும்.