மன்னிப்பு ஸ்டிக்கர்

நாட்டின் வடகோடி சப்போரோவிலிருந்து தென்கோடி ககோஷிமா வரை யார் வேலைக்குத் தாமதமாகப் போனாலும், யார் குப்பை போடும் நாளை மறந்தாலும், மிசாவோ அக்காவைத்தான் அனுப்புகிறார்கள். கால்பந்தில் அவளுடைய கடைசி ஆட்டத்தில் ஏழு கோல் வாங்கித் தோற்றோம். கோல்கீப்பர் நான்தான், அதை விடுங்கள். கேப்டனான அக்கா ரசிகர்கள் முன்னால் போய் இடுப்பை ஒடித்துக் குனிந்தாள். குதிரைவால் முன்னே சரிந்து முகத்தை மூடியது. எவனோ வேலையற்றவன் அதைப் படம் பிடித்து, 'மன்னிச்சிடுங்க' என்று எழுதி, போனில் செய்தியோடு அனுப்பும் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டான். அவள் அத்தனை வருடம் தடுப்பாட்டம் ஆடியதை யார் பார்த்தார்கள்? எங்கள் ஊரில் முடியாது என்று சொல்வதற்கும் கூடவே ஒரு மன்னிப்பு வைக்க வேண்டும். அதற்கும் அவள்தான்.

ஓய்வுக்குப் பிறகு அக்கா பள்ளிச் சிறுமிகளுக்குக் கோச் ஆனாள். நான் அவளுக்கு உதவி. போன மாதம் கொனொஹா என்ற பெண், "முட்டி வலிக்குது கோச்" என்றாள். "பத்து நிமிஷம்தான், தாங்கிக்கோ" என்று அக்கா அவளை ஆட்டத்தில் இறக்கிவிட்டாள். தசைநார் அறுந்துபோனது. இனி ஆடவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. "அவங்கம்மா ஒரு தடவ மன்னிச்சேன்னு சொன்னா போதும் ரிட்சு. அதுக்கப்புறம் என்னைத் திட்டிக்கிட்டே இருக்கட்டும்" என்றாள்.

பயறு இனிப்புப் பெட்டியோடு அந்த வீட்டுக்குப் போனோம். காரிலேயே அக்கா தலைமுடியை இழுத்துக் கட்டி, ஊசிமேல் ஊசியாகக் குத்தினாள்.

"எதுக்குக்கா இத்தனை ஊசி?"

"முடி முன்னாடி விழக் கூடாதுடி."

கொனொஹாவின் அம்மா சுகியுரா கதவைத் திறந்தார். ஊன்றுகோலோடு பின்னால் கொனொஹா. அக்கா பெட்டியை நீட்டினாள். "தப்பு முழுக்க என்னோடதுங்க. மன்னிச்சிடுங்க" என்று குனிந்தாள். ஊசிகள் என்ன ஊசிகளோ, ஒன்று நழுவியது, முடி மொத்தமும் முன்னே சரிந்தது.

கொனொஹாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாவம், வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அப்படியே அதேதான்" என்றவள், சிரித்த வாயோடே அழத் தொடங்கினாள்.

சுகியுராவின் முகம் இறுகியது. "எங்க வீட்டு வாசல்ல விளையாட்டு காட்டாதீங்க கோச். போயிடுங்க."

அக்கா நிமிரவில்லை. மனசார மன்னிப்புக் கேட்பவள் சட்டென்று நிமிரக் கூடாது. குனிந்திருக்கக் குனிந்திருக்க அந்தப் படம் மாதிரியே இருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கதவு சாத்திய பிறகு நான்தான் அவளைத் தோளைப் பிடித்து நிமிர்த்தினேன்.

"வேற மாதிரி குனியத் தெரியலையேடி எனக்கு" என்றாள் காரில்.

வீடு போய்ச் சேர்வதற்குள் அவளுடைய போனுக்குச் செய்தி வந்தது. சுகியுராதான். எழுத்தில் மரியாதைக்குக் குறைவில்லை. 'நேரில் வந்தமைக்கு நன்றி. கொனொஹாவுக்கு மனம் கலங்குகிறது. இனி எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம், அழைக்கவும் வேண்டாம்.'

அதற்குக் கீழே, கை பழக்கத்தில் போட்டிருப்பார் போல, ஒரு ஸ்டிக்கர். முடி சரிந்து முகத்தை மூட, இடுப்பை ஒடித்துக் குனிந்து நின்றாள் அக்கா.

"இதுக்கு என்னடி பதில் போடறது?" என்று கேட்டாள்.