பெத்தேல் வீட்டு இணைப்பு

சாட்சி சொல்லி முழுதாக ஒரு நாள்கூட ஆகவில்லை, திங்கட்கிழமை காலை பெர்சிஸின் கணினியில் இணைப்பு அறுந்துவிட்டது.

ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று அவள் சொன்னது இதுதான்: "பக்கத்து வீட்டு வைஃபைக்குக் கையேந்தி நின்ற என்னை ஆண்டவர் உயர்த்தினார். சொந்த இணைப்பு வந்த அன்று ஜெபம் பண்ணிக் கண் திறந்தேன். கணினி தானாகவே இணைந்திருந்தது. ஒரு மாதமாக ஒரு நிமிஷம்கூட அறுபடவில்லை." சபையார் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பக்கத்து வீட்டு நூர்நிஷாவின் பெயரை அவள் சொல்லவில்லை. அந்த அளவுக்கு நாகரிகம் இருந்தது.

டாக்டர்கள் பேசிப் பதிந்த குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. குத்துக்கல்வலசையில் வீட்டிலிருந்தபடியே செய்யலாம். ஆனால் முதல் மூன்று மாதத்துக்குள் மூன்று முறை கால் மணி நேரத்துக்கு மேல் காணாமல் போனால் வேலை கிடையாது. மின்வெட்டில் ஏற்கெனவே இரண்டு முறை போயிருந்தாள். அந்த நாட்களில் நூர்நிஷாவின் இணைப்பில்தான் பிழைப்பு ஓடியது. பிறகு அவள் வீட்டுத் தொட்டித் தண்ணீர் வழிந்து பெர்சிஸின் சுவரை நனைக்க, பேச்சு தடித்தது. 'உங்க நெட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்' என்று சொல்லிவிட்டு வந்த பெர்சிஸ் மறுவாரமே சொந்த இணைப்பு வாங்கி, அதற்கு 'பெத்தேல்' என்று தன் வீட்டுப் பெயரையே வைத்தாள்.

இப்போது அந்த இணைப்பைக் கொடுத்த குத்தாலிங்கத்தைப் போனில் பிடித்தாள்.

"தம்பி, உங்க லைனு போச்சு! பத்து நிமிஷத்துல வரலன்னா என் வேலையும் போச்சு."

"பொட்டியில பச்சை லைட் எரியுதாக்கா?"

"எரியுது."

"அப்ப லைன் இருக்கு. கம்ப்யூட்டர் பெத்தேல்ல சேந்திருக்கான்னு பாருங்க."

"சேரலயே. பழைய பட்டியல்ல 'நூர் மன்ஸில்'னு ஒண்ணுதான் இருக்கு. 'தானாக இணை'ன்னு அதுலதான் டிக் இருக்கு."

அந்தப் பக்கம் அடக்க முடியாத சிரிப்பு.

"யக்கா, நான் போன்லயும் டிவியிலயும்தான் பாஸ்வேர்டு போட்டுக் குடுத்தேன். கம்ப்யூட்டரை ஜெபம் பண்ணிட்டுத் தொடுதேன்னு நீங்கதானே சொன்னிய? இத்தன நாளா அது பக்கத்து வீட்டுலல்லா மேஞ்சிருக்கு!"

பெர்சிஸுக்குக் காது சுட்டது. சிரிக்கவோ அழவோ நேரமில்லை. அவன் சொன்னபடி பெத்தேலைத் தொட்டு, 'தானாக இணை'யில் டிக் போட்டு, பெட்டியைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டை அடித்தாள். முதல் முறை தப்பு. இரண்டாம் முறை ஏறிக்கொண்டது. பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. வேலை தப்பியது.

மூச்சு சீராவதற்குள் வாசலில் ஆட்டோ நின்றது. சாரலில் தொப்பலாக நனைந்த நூர்நிஷா இறங்கித் தன் வீட்டுக்குள் ஓடினாள். அடுத்த நிமிஷம் பெர்சிஸின் வாசலில் நின்றாள்.

"பெர்சிஸு! வேலை போயிரலையே? ஐந்தருவிக்குப் போற வழியில போனைப் பாக்கேன், எங்க பொட்டி செத்துக் கிடக்கு. கிளம்பும்போது என் நாத்தனா ஹஃப்சா மெயினை அமத்திட்டா. நான் ஒருநாளும் அமத்த மாட்டேன். உனக்கு ஓடணும்லா!"

"நான் உங்க நெட்டுல இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க வீட்டுக்காரரு துபாயில இருந்தே போனுல பாத்துக் கேட்டாரு, 'பெர்சிஸ்னு ஒரு மிஷின் ஓடுதே, யாரு'ன்னு. நம்ம பிள்ளதான், வேலை பாக்குது, விடுங்கன்னேன்."

"எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா ரோஷத்துல பாதி வேலையில புடுங்கிப் போடுவ. எனக்குத் தெரியாதா உன்னய?" நூர்நிஷா கழுத்தை நீட்டிக் கணினியைப் பார்த்தாள். "நான் சுவிச்சப் போட்டதும் வந்துட்டுல்லா?"

திரையில் 'பெத்தேல்' என்று தெளிவாக எழுதியிருந்தது. பொய் சொல்லக் கூடாது என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள் பெர்சிஸ். அவள் மெல்ல நகர்ந்து திரையை மறைத்துக்கொண்டாள்.

"ஆமாக்கா. நீங்க போட்டதும் வந்துட்டு," என்று சொல்லிவிட்டு, கொடியில் கிடந்த துண்டை உருவி நீட்டினாள். "மொதல்ல தலையத் துவட்டுங்க."