ஒரே நம்பரில் பதினோரு பேர்

1

இந்தக் கதை ஒரு ஃபோன் நம்பரில் பிறந்தது. என் நம்பர். அதை நான் தர மறுத்தேன்.

தொடர்கதை அத்தியாயத்தை ஸ்கேன் செய்ய கம்ப்யூட்டர் சென்டருக்குப் போயிருந்தேன். கடையை நடத்தும் அக்கா ஒரு பெண்ணுக்குக் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். திரை ஒரு செல் நம்பர் கேட்டது.

"சார், உங்க நம்பரைப் போட்டுக்கவா? சீட் கிடைச்சா ஒரு மெசேஜ் வரும். அவ்வளவுதான்."

"அப்புறம் கண்டவனெல்லாம் கூப்பிடுவாம்மா," என்றேன்.

"அதுவும் சரிதான்," என்று தன் நம்பரையே தட்டினார். ஏற்கெனவே பத்துப் பிள்ளைகளுக்கு அதைத்தான் போட்டிருந்தார்.

2

முதல் வரியாக இதை வைத்திருந்தேன்: 'மழை கொட்டிய அந்த மாலையில், முகவரியில்லாத ஓர் உறை—'

வேண்டாம். மழையும் இல்லை, உறையும் இல்லை. மூன்று மணி வெயிலில், சேர்க்கை அலுவலக வரிசையில் அந்தப் பெண் நின்றாள். பக்கத்தில் அக்கா.

[அவளை முதலில் எப்போதும் சிரித்த முகமாக எழுதினேன். ஏழைப் பெண் என்றால் இனிமையாகவும் இருந்தாக வேண்டும் என்று என் பேனாவுக்கு ஒரு நினைப்பு. உண்மையில் சிடுமூஞ்சி. கணக்கில் நூறு.]

அவள் அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பவர். வேலைக்குள் நுழையும்போது ஃபோனை லாக்கரில் பூட்டிவிட வேண்டும். சீட் ஒதுக்கினால் அன்றைக்கே பதில் சொல்லியாக வேண்டும். அதனால்தான் அக்காவின் நம்பர். மெசேஜ் வந்ததும் கடையைச் சாத்திவிட்டு ஓடிப்போய்ச் சொல்வார். அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு அதுதான் ஏற்பாடு.

அன்று காலை மெசேஜ் வந்தது. அக்கா ஓடினார். சீட் கிடைத்திருந்தது. கீழே இன்னொரு வரியும் இருந்தது: 'நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.'

3

"ஒரே நம்பர்ல பதினோரு அப்ளிகேஷன். பத்துக்கு மேல போனா புரோக்கர்னு சிஸ்டமே பிடிச்சிரும்," என்றார் கவுன்ட்டர் அதிகாரி.

"நான் புரோக்கரா? யார்கிட்டயும் ஒரு டீகூட வாங்கிக் குடிச்சதில்லை சார்."

"எல்லா புரோக்கரும் இதைத்தாம்மா சொல்றான்."

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்த விதியை எந்த வில்லனும் எழுதவில்லை. ஏழைப் பிள்ளைகளைப் புரோக்கர்களிடமிருந்து காப்பாற்ற யாரோ நல்ல மனசோடு எழுதியது. வில்லன் இல்லாத கதை எனக்கு எழுத வராது. தேடிப் பார்த்ததில், பதினோராவது ஆளுக்கு நம்பர் தராத ஒருத்தன்தான் அகப்பட்டான்.)

அதிகாரி பெண்ணின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரும்மா. 'என்னைக் கேக்காமலே இவங்க நம்பரைப் போட்டுட்டாங்க'ன்னு ஒரு புகார் எழுதிக் குடு. உன்னுதை மட்டும் விடுவிச்சிரலாம். அஞ்சு மணிக்குள்ள."

"மத்த பத்து பேரு?"

"புகார் வந்துட்டா அது புரோக்கர் கேஸ். பத்தும் ரத்து."

"எழுதலைன்னா?"

"விசாரணை, மூணு வாரம். அவங்களுக்கு அடுத்த சுற்று கவுன்சலிங்லதான் சீட்டு, அதுக்குள்ள விசாரணை முடிஞ்சிரும். உன் சீட்டு அஞ்சு மணிக்கு அடுத்த ஆளுக்குப் போயிரும்."

4

முடிவு ஒன்று: எழுதுகிறாள். வகுப்பில் முதல் வரிசையில் உட்காருகிறாள். தெருவுக்குத் திரும்பும்போது மட்டும் சுற்றுப்பாதையில் வருகிறாள்.

முடிவு இரண்டு: எழுதவில்லை. சலவைக்கூடத்தில் அம்மாவுக்கு எதிரே நின்று விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிறாள். அடுத்த வருடம் என்று அம்மா சொல்கிறார். அடுத்த வருடம்—

முடிவு மூன்று: கடைசி நிமிடத்தில் ஓர் எழுத்தாளர் மூச்சிரைக்க ஓடிவருகிறார். "என் நம்பரைப் போட்டுக்குங்க." முப்பது வருடமாக வாரப் பத்திரிகைகளில் நான் இப்படித்தான் கதையை முடித்தேன். ஆனால் பதிவான நம்பரை மாற்ற வழியில்லை. கிழித்துப் போட்டேன்.

5

நான்கு நாற்பது. அக்கா பையிலிருந்து வெள்ளைத்தாள் எடுத்தார். அடுத்தவர் மனுவையே எழுதிப் பழகிய கை, தன் மேலான புகாரையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியது.

"கையெழுத்து மட்டும் போடு."

"இது பொய்க்கா."

"உண்மையா நிரப்பினோமே, அதுல என்னத்தைக் கண்டோம்?"

"கடையை சீல் வெச்சிருவாங்க."

"அது என் பாடு."

"அந்தப் பத்து பேரு? அதுவும் உங்க பாடா?"

அக்கா பையைப் பார்த்தார். பையின் வாயில் அவர்களுடைய விண்ணப்ப நகல்கள் தெரிந்தன, மூலையில் சின்னச் சின்ன முகங்களோடு. நாலு பேர் இவள் வகுப்பு. ஒருத்தி, பரீட்சையன்று இவளுக்குத் தன்னுடைய— [உருக்குகிறேன். அடித்துவிட்டேன்.]

"யோசிச்சிட்டு நிக்காதேடி. ஒருத்தியாவது தப்பிச்சுப் போ."

"அவங்க வீட்டுக்கெல்லாம் போய் இதை யாரு சொல்றது? நீங்களா, நானா?"

பேனா அவள் கையில் இருக்கிறது. போடு என்பீர்களா, போடாதே என்பீர்களா? எதைச் சொன்னாலும் அந்த முகங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, அவளையும் பார்த்துச் சொல்லுங்கள். நான் சொல்ல மாட்டேன். எனக்கு அந்தத் தகுதி இல்லை.

நான்கு ஐம்பத்திரண்டு. இதற்கு மேல் நான் எழுதும் ஒவ்வொரு வரியும் அவளுடைய நேரத்திலிருந்துதான் போகிறது.